ஷீஷாக் கழிவும் கிணற்றுத் தண்ணீரும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரசாயனவியல் படிப்பிக்கிறவனிடம் ஊரில் எல்லாம் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் ஏன் நுரைக்கவில்லை, கேத்திலுக்குள் ஏன் வெள்ளையாகப் படிகிறது என்று தொடங்கும். சில காலமாக அந்த வரிசையில் ஷீஷாவும் சேர்ந்திருக்கிறது: மேலே சட்டியில் புகையிலையை வைத்துக் கரியால் சூடாக்கி, புகையைத் தண்டு வழியாக அடிக் குடுவைத் தண்ணீருக்குள்ளால் இழுக்கும் ஹூக்கா. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் பெட்டிக்குள் ஒரு செட் கொண்டுவருகிறார்கள். கல்யாண வீட்டு மொட்டைமாடியில் இரவிரவாக நடக்கிறது. விடிந்ததும் சட்டியில் மிஞ்சியதை யாரோ ஒருவர் வளவுக்குள் கொட்டுகிறார். அதைப் பார்த்தவர்கள் கேட்டவைதான் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஷீஷாக் கழிவு எண்டு எதைச் சொல்லுறியள்? புகைதானே, அது காத்தோட போயிடும்.

புகை போய்விடும், மற்றது போகாது. ஒரு முறை இழுத்து முடிந்ததும் நான்கு பொருட்கள் மிஞ்சும்: சட்டியில் கிடக்கும் புகையிலைக் கூழ், அதை மூடியிருந்த அலுமினியத் தாள், கரியின் சாம்பல், அடிக் குடுவையில் உள்ள தண்ணீர்.

இதில் முக்கியமானது கூழ். கட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் தங்குவது அதில்தான். ஒரு சட்டிக்குச் சாதாரணமாக 10 முதல் 20 கிராம் வரை போடுவார்கள். அது தனிப் புகையிலை அல்ல. சீனிப்பாகு அல்லது தேன், கிளிசரின், பழவாசனை எல்லாம் சேர்ந்த பிசின் போன்ற கலவை. முடிந்தபின் தாளை உரித்துப் பார்த்தால், மேலே கரிக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் கறுத்து மொறுமொறு என்று இருக்கும். அடியில் இருப்பது இன்னமும் ஈரமாக, மண்ணிறமாக, அப்பிள் வாசனையோடு விரலில் ஒட்டும். அதாவது பாதி எரியவே இல்லை. சிகரெட்டில் இப்படி மிஞ்சுவதில்லை.

புகையிலை ஒரு செடிதானே? அதில உலோகம் எங்கயிருந்து வந்தது?

மண்ணிலிருந்து. எல்லாச் செடியும் மண்ணிலுள்ள உலோகங்களைக் கொஞ்சம் உறிஞ்சும். புகையிலை கட்மியத்தை மற்றப் பயிர்களைவிட அதிகமாக உறிஞ்சி, நாம் பயன்படுத்தும் பகுதியான இலையிலேயே கொண்டுபோய் வைக்கும். பொசுபேற்றுப் பசளையோடு கட்மியம் மண்ணுக்கு வருவதும் உண்டு. உலர்ந்த புகையிலையில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் கட்மியம் இருப்பது சாதாரணம். விளைந்த மண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். ஈயம், ஆசனிக், நிக்கல், குரோமியம் ஆகியவையும் சிறு அளவில் இருக்கும்.

செடியைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. கரியில் கொஞ்சம் இருக்கும். மலிவான செட்டுகளின் தண்டு பித்தளையாகவோ கலப்பு உலோகமாகவோ இருக்கும், பித்தளையில் ஈயம் கலப்பது வழக்கம். பழைய தண்டுக்குள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அது கழுவும் தண்ணீரோடு வெளியே வரும்.

எரிஞ்சு சாம்பலான பிறகும் உலோகம் இருக்குமோ?

இருக்கும். எரிவது காபன் சேர்மங்கள்தான். உலோகம் ஒரு மூலகம், நெருப்பு அதை இல்லாமல் செய்யாது. கிருமி தின்று உக்கவைக்கவும் முடியாது. இடம் மாறலாம், வடிவம் மாறலாம், அவ்வளவுதான்.

ஷீஷாவில் ஒரு விசேஷம் உண்டு. சிகரெட்டின் நுனி இழுக்கும்போது 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். கட்மியம் கொதித்து ஆவியாவது 767 பாகையில். ஆகவே சிகரெட்டில் கட்மியத்தின் ஒரு நல்ல பங்கு புகையோடு நெஞ்சுக்குள் போகிறது. ஷீஷாச் சட்டியில் புகையிலை கரிக்குக் கீழே, தாளுக்கு அடியில் இருந்து வேகிறது. சூடு அதைவிடப் பல நூறு பாகை குறைவு. அதனால் உலோகத்தின் பெரும்பகுதி சட்டியிலேயே தங்கிவிடுகிறது. இழுக்கிறவருக்கு இது ஓரளவு நல்லது என்றாலும், கழிவு விழும் மண்ணுக்கு அப்படியல்ல.

சரி, எந்தெந்த உலோகம்? என்ன செய்யும்?

கட்மியமும் ஈயமும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. கட்மியம் சிறுநீரகத்தில் சேரும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் எடுக்கும். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் கூட்டுத்தொகையாகிவிடும். ஜப்பானில் டொயாமா மாகாணத்தில் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. கட்மியம்தான் காரணம் என்று ஜப்பானிய அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. அது மலையளவு கழிவு, ஷீஷாவோடு ஒப்பிட முடியாது. கட்மியத்தின் குணம் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று ஈயத்துக்கு ஒரு கோடு கிடையாது. ஆசனிக், கட்மியம், ஆறு வலுவுள்ள குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேச வகைப்படுத்தலின் முதல் தொகுதியில் வைக்கப்பட்டிருக்கின்றன.

தண்ணிக்குள்ளால வாறபடியா நஞ்சு எல்லாம் தண்ணியில தங்கிடும் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

அக்பர் காலத்து அரண்மனை வைத்தியர் ஒருவர் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. அன்று தொட்டு இந்த நம்பிக்கை ஓடுகிறது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், நிக்கொட்டினில் கொஞ்சத்தைப் பிடிக்கும். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை அது தொடுவதே இல்லை. குளிர்ந்த புகை தொண்டையைக் கடிக்காது, அதனால் ஆழமாக இழுப்பார்கள். ஒரு மணிநேர ஷீஷாவில் உள்ளே போகும் புகையின் கனவளவு ஒரு சிகரெட்டின் புகையைப்போல் 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே எச்சரித்திருக்கிறது.

அப்ப அந்தத் தண்ணியை எங்க ஊத்துறது?

கிணற்றடியில் வேண்டாம், வாழையடியில் வேண்டாம், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வேண்டாம். மண்ணிறமாக, சுருட்டு ஊறிய வாசனையோடு இருக்கும் அந்தத் தண்ணீரில் நிக்கொட்டினும் தாரும்தான் பெரும் தொல்லை, உலோகம் அதற்கு அடுத்தது.

உண்மையைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் இதற்கு முழுக்கச் சரியான இடம் இல்லை. எங்களுடைய மலகூடக் குழிகளில் பல அடி பூசாதவை. அதற்குள் ஊற்றுவதும் சுற்றிப் போய் நிலத்தடிக்குத்தான் போகும். வீட்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் என்றால், கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்கும் மலசலகூடத்தில் ஊற்றிவிடுங்கள். நாள்தோறும் குடுவை குடுவையாக ஊற்றும் இடம் என்றால் அது சரிவராது. கலனில் சேர்த்து வைத்து, எங்கே கொடுப்பது என்று உள்ளூராட்சிச் சபையோடு பேச வேண்டும்.

ஒரு சட்டிக் கழிவைக் கிணத்தடியில கொட்டினா கிணறு பழுதாகிடுமோ?

ஆகாது. இதைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்பதால் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். ஒரு சட்டியில் 15 கிராம் கலவை, அதில் மூன்றில் ஒரு பங்கு புகையிலை என்று வைப்போம். 5 கிராம். கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் 5 மைக்ரோகிராம் கட்மியம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் கட்மியம் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மூன்று மீற்றர் குறுக்களவுள்ள கிணற்றில் மூன்று மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 21,000 லீற்றர். அந்தக் கிணற்றை எல்லைக்குக் கொண்டுவர 63,000 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு சட்டி எந்த மூலைக்கு?

இப்போது வீட்டை விட்டு ஒரு கடையைப் பாருங்கள். நாளைக்கு 30 சட்டி போகிறது, எல்லாக் கழிவும் பின்வேலியில் ஒரே இடத்தில் விழுகிறது என்று வைப்போம். நாளைக்கு 150 மைக்ரோகிராம். வருடத்துக்கு ஏறக்குறைய 55,000. அதாவது ஒரு கடையின் ஒரு வருடக் கழிவிலுள்ள கட்மியம் முழுவதும் கரைந்து ஒரே கிணற்றுக்குள் போனால், கிணறு எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். முழுவதும் கரையாது, கிணற்றுத் தண்ணீரும் ஒரே தண்ணீராக நிற்பதில்லை, ஆகவே இது மிக மோசமான பக்கத்தில் நின்று போட்ட கணக்கு. இருந்தாலும் இங்கே கட்மியத்தை மட்டும்தான் எடுத்தேன், ஒரே ஒரு வருடத்தைத்தான் எடுத்தேன். பாகு கலக்காத தனிப் புகையிலை போடும் ஷீஷா என்றால் மூன்று மடங்காக்கிப் பாருங்கள்.

எனக்குக் கவலை திருவிழாக் காலத்து ஒரு இரவைப் பற்றி அல்ல. ஒரே இடத்தில் நாள்தோறும் விழும் குவியலைப் பற்றித்தான்.

எங்கட நிலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? வெளிநாட்டில எல்லாரும் குப்பையில போடுறாங்கள்தானே.

அங்கே ஆறு, அணை, சுத்திகரிப்பு நிலையம், அடி பூசிய குப்பைக் கிடங்கு என்று இடையில் பல படிகள் இருக்கின்றன. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான். கிணற்றுக் குடிகள் நாங்கள். வலிகாமத்தில் செம்மண்ணை வெட்டிக்கொண்டு போனால் கொஞ்சத் தூரத்திலேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அந்தக் கல் முழுவதும் வெடிப்பும் பொந்தும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை மண் வடிகட்டும்வரை காத்திருப்பதில்லை, வெடிப்புக்குள்ளால் நேரே இறங்கும். சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, நிலத்தில் விட்டது எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோரும் பார்த்தார்கள். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்றை ஏற்றிவைத்திருப்பதும் இதே வழியில்தான்.

சேர், காரத்தன்மையான சுண்ணாம்பு நிலம் உலோகத்தைப் பிடிச்சு வைக்கும் எண்டு படிச்சனான். பிறகென்ன?

உயர்தரப் பிள்ளை ஒருவர் கேட்டது. நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. சுண்ணாம்பு மண்ணில் ஈயமும் கட்மியமும் காபனேற்றாகப் படிந்து அசையாமல் நிற்கும். அமில மண்ணில் கரைவதைப்போல் இங்கே கரையாது. இது எங்களுக்கு இயற்கை தந்த ஒரு காப்பு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காப்பில் மூன்று ஓட்டைகள். மண்ணைத் தொட்டுக்கொண்டு மெதுவாக இறங்கும் தண்ணீரில்தான் இது வேலை செய்யும், மேலே சொன்ன வெடிப்புக்குள்ளால் ஓடும் தண்ணீர் எதையும் தொடாமல் போய்விடும். இரண்டாவது உவர். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது தெரியும்தானே, குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைசலிலேயே வைத்திருக்கும். மூன்றாவது ஆசனிக். அது ஈயத்தைப்போல் நேரேற்ற அயனாக நடமாடுவதில்லை, எதிரேற்ற அயனாகத் திரியும், காரத்தன்மை கூடினால் மண் அதைப் பிடிக்கும் பிடி தளரும். சோதனையில் எழுதுவதற்கு உங்கள் விடை போதும், கிணற்றுக்குப் போதாது.

கழிவில இருந்து உலோகம் தண்ணிக்கு இறங்கும் எண்டு ஆராவது பார்த்தவையோ, இல்லாட்டி நீங்கள் கணக்குத்தான் போடுறியளோ?

பார்த்திருக்கிறார்கள். பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கும் ஈரானின் புஷேர் நகரத்து ஆய்வாளர்கள், இழுத்து முடிந்த புகையிலைக் கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து, உலோகங்கள் கசிவதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஷீஷா நாள்தோறும் நடக்கும் ஊர் அது, அதனால் அவர்களுக்கு அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே வந்தது. அதுவரை புகையைப் பற்றித்தான் எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், சட்டியை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொதிக்க வைச்சுக் குடிச்சால் சரிதானே?

கிருமிக்குச் சரி. உலோகத்துக்குச் சரியில்லை. தண்ணீர் ஆவியாகும், உலோகம் கேத்திலுக்குள் நிற்கும், செறிவு ஒரு சொட்டுக் கூடத்தான் செய்யும். குளோரின் போடுவதாலும் பயன் இல்லை. எதிர்ச் சவ்வூடுபரவல் வடிகட்டி உலோகத்தைப் பிடிக்கும், ஆனால் அதற்குச் செலவழிப்பதைவிடக் கழிவைத் தள்ளி வைப்பது மலிவு.

வாழைக்குப் பசளையாப் போடலாமோ? அப்பு காலத்தில புகையிலைக் காம்பு தோட்டத்துக்குத் தாட்டவைதானே.

இந்தக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் புகையிலைத் தோட்டம் பார்த்த குடும்பத்துக்காரர்கள், அதனால் அவர்களை லேசில் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலில் போன காலம் இருந்தது. சுருட்டுக் கொட்டில்களில் மிஞ்சும் காம்பையும் நரம்பையும் தோட்டத்துக்குப் போடுவதும், ஊறவைத்துப் பூச்சிக்குத் தெளிப்பதும் பழைய பழக்கம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தன் தோட்டத்தில் விளைந்த புகையிலையின் காம்பைத் தன் தோட்டத்துக்கே திருப்பிப் போட்டவர், அந்த மண்ணிலிருந்து எடுத்த உலோகத்தில் ஒரு பகுதியை அதே மண்ணுக்குக் கொடுத்தார். வரவு செலவு பார்த்தால் மண்ணில் புதிதாக எதுவும் ஏறவில்லை. இலையோடு வெளியூருக்குப் போனதுதான் மிச்சம். ஷீஷாப் புகையிலை வேறு நாட்டு மண்ணில் விளைந்து, பெட்டியில் அடைபட்டு வருகிறது. அதன் உலோகம் உங்கள் மண்ணுக்குப் புது வரவு, திரும்பிப் போக வழியும் இல்லை.

இன்னொன்று. கட்மியம் செடிக்கு நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தைப்போலத் தோன்றும், ஏமாந்து உறிஞ்சிவிடும். கீரை வகை நன்றாகவே உறிஞ்சும். கூட்டுப்பசளையில் கலந்துவிட்டால் அது எந்தப் பாத்திக்குப் போகிறது என்று பிறகு யாருக்குத் தெரியும்? மிளகாய், தக்காளி, கத்தரி வைத்திருப்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு காரணமும் உண்டு. இவை எல்லாம் புகையிலையின் சொந்தக்காரப் பயிர்கள், உலர்ந்த புகையிலையில் உயிரோடு இருக்கக்கூடிய தேமல் வைரசு இவற்றுக்கும் தொற்றும். சட்டியில் வேகாத மிச்சத்தைத் தோட்டத்தில் எறிந்துவிட்டு, இலை ஏன் தேமலாகிறது என்று விவசாயப் போதனாசிரியரைத் தேடி அலையக் கூடாது.

எரிச்சுப் போட்டால்?

சாம்பல் பற்றி மேலே சொன்னதேதான். அளவு குறையும், உலோகம் குறையாது. பாகு எரியும் புகை வேறு அயல் முழுக்க நாறும். அந்தச் சாம்பலை யாராவது கீரைப் பாத்திக்கு அள்ளிப் போடுவார்கள்.

கரிச் சாம்பலை மட்டும் தனியா எடுத்தால் பாவிக்கலாமோ? சிரட்டைக் கரிதானே.

தனிச் சிரட்டைக் கரி என்று உறுதியாகத் தெரிந்தால், சட்டிக் கூழோடு கலக்காமல் எடுத்தால், பாவியுங்கள். தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றும் வட்டக் கரி வேறு. அதில் பற்றவைப்பதற்கென்று இரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் தோட்டத்துக்கு வேண்டாம்.

பெட்டியில 'புகையிலை இல்லை, மூலிகை' எண்டு போட்டுக் கிடக்கு. அதுக்குக் கழிவுப் பிரச்சினை இல்லைத்தானே?

நிக்கொட்டின் பிரச்சினை இல்லை. கரி அதே கரி, தாள் அதே தாள், தண்டு அதே தண்டு. மூலிகையும் ஏதோ ஒரு மண்ணில் வளர்ந்ததுதான். புகையிலை அளவுக்குக் கட்மியம் இராது என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. பையில் கட்டிப் போடும் பழக்கத்தை அதற்காக மாற்ற வேண்டாம்.

சிகரெட் கட்டையும் சுருட்டுத் துண்டும் இதே மாதிரித்தானோ? அதுகளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லையே.

சொல்ல வேண்டும். சிகரெட் கட்டையிலிருந்தும் உலோகம் கசியும், போதாததற்கு அதன் வடிகட்டி ஒரு வகைப் பிளாஸ்ரிக், உக்க வருடக்கணக்காகும். சுருட்டுத் துண்டில் வடிகட்டி இல்லை. ஒரு கட்டையின் எடை அரைக் கிராமும் இராது, ஷீஷாச் சட்டி ஒன்று பத்து கிராமுக்கு மேல். கட்டைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஷீஷாக் கழிவு ஒரே இடத்தில் குவியும். சிதறிக் கிடப்பதைப் பொறுக்குவது கஷ்டம். குவிந்து கிடப்பதை அள்ளுவது சுகம், அந்த அளவில் ஷீஷாக்காரர் பிழைத்தார்.

கோழி கிளறித் தின்னுது. சின்னப்பிள்ளையும் ஒருக்கா வாயில வைச்சிட்டுது. உலோகம் உடம்பில ஏறியிருக்குமோ?

இந்த இடத்தில் உலோகத்தை மறந்துவிடுங்கள். முதலில் நிக்கொட்டின். எரியாமல் கிடக்கும் கூழில் அது நிறைய மிஞ்சியிருக்கும். பழவாசனையும் இனிப்பும் வேறு இருப்பதால் குழந்தையும் நாய்க்குட்டியும் துப்பாமல் விழுங்கும். வாய்நீர் வடிதல், சத்தி, வியர்வை, முகம் வெளிறுதல், நடுக்கம் இவைதான் அறிகுறிகள், கெதியாகவே வரும்.

வாயில் இருப்பதை விரலால் துடைத்து எடுங்கள், வாயைக் கழுவுங்கள். சத்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள் அல்லது கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள், பெட்டி இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவு விருந்து முடிந்து சட்டியை அப்படியே மொட்டைமாடியில் விட்டுவிட்டுப் படுக்கும் வழக்கம்தான் இதில் ஆகப் பெரிய ஆபத்து. காலையில் முதலில் எழும்புவது குழந்தைதான்.

கடல்நீரேரியில கொட்டுறாங்கள். நண்டு, றால் சாப்பிடப் பயப்பட வேணுமோ?

ஷீஷாவுக்காக நண்டுக்கறியை விட வேண்டாம். நீரேரிக்குப் போகும் பழைய பற்றரி, பெயின்ற், என்ஜின் எண்ணெய், இலத்திரனியல் குப்பை எல்லாவற்றோடும் பார்த்தால் இது சின்னப் பங்கு. ஆனால் நண்டும் சிப்பியும் கட்மியத்தைச் சேர்த்து வைக்கும் குணமுள்ளவை. நண்டில் அது சதையில் குறைவாகவும், ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளில் கூடுதலாகவும் சேரும். கரையோர விடுதிகள் சட்டியை நேரே தண்ணீரில் தட்டுவதை அந்தக் காரணத்துக்காகவே நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் கோப்பைக்குத் திரும்பி வரும் குப்பை அது.

அப்ப என்னதான் செய்யச் சொல்லுறியள்?

கரி முழுக்க ஆறட்டும். அவசரம் என்றால் தண்ணீர் தெளித்து அணையுங்கள், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரியைப் பையில் கட்டி எத்தனையோ குப்பை வாளி உருகியிருக்கிறது. ஆறியதும் அலுமினியத் தாளைக் கூழோடு சேர்த்து அப்படியே மடித்து, கசியாத பையிலோ பழைய ரின்னிலோ போட்டு மூடுங்கள். உக்கும் குப்பை வாளியில் போடாதீர்கள், அது பசளையாக மாறி யாரோ ஒருவரின் தோட்டத்துக்குப் போகும். உக்காத குப்பையோடு சபை வண்டிக்குக் கொடுங்கள். மழைக்கு நனையும் இடத்தில் வைக்க வேண்டாம். சட்டியையும் தண்டையும் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவ வேண்டாம். கிடங்கு வெட்டித் தாட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சபைக்குக் குடுத்தால் அவையும் கொண்டுபோய்க் கல்லுண்டாய்க் குப்பைமேட்டிலதானே கொட்டப் போகினம்?

கேட்கிறவர் கேட்பது நியாயம். அங்கே அடி பூசிய கிடங்கு இருந்திருந்தால் நான் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். திறந்த வெளியில் குவித்து, பக்கத்தில் நீரேரியும் இருக்க, இதைத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

இருந்தும் சபைக்குக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வளவில் கொட்டினால் அது நீங்கள் குடிக்கும் கிணற்றிலிருந்து சில யார் தூரத்தில் கிடக்கிறது, யாருக்கும் தெரியாது, யாரும் அளக்கப்போவதும் இல்லை. ஒரு பொது இடத்தில் கிடந்தால் அதற்குப் பொறுப்புக் கேட்க ஒரு சபையாவது இருக்கிறது. குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்பதில் சந்தேகமே இல்லை, வரி கட்டுகிறவர் கேட்கலாம். கேட்கும்போது ஷீஷாவை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் பற்றரி, மின்குமிழ், பெயின்ற் ரின் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தனிச் சேகரிப்புக் கேளுங்கள். உலோகக் கழிவு என்று பார்த்தால் அவைதான் ஷீஷாவுக்கு மூத்தவை.

பக்கத்து விடுதிக்காரர் ஒவ்வொரு நாளும் எங்கட வேலியடியில கொட்டினம். கிணறைப் பரிசோதிக்கிறது எப்படி? சண்டைக்குப் போகலாமோ?

சண்டைக்கு முதல் பேசுங்கள். பலருக்கு இது குப்பை என்றே தோன்றுவதில்லை, புகையிலைதானே உக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு மூடிய வாளியை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தாலே பாதிப் பேர் மாறிவிடுவார்கள். மாறாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள், குவியலைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். உள்ளே இளம் பெடியங்கள் இழுப்பதைக் கண்டால் அதையும் சேர்த்துச் சொல்லலாம்: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது.

பரிசோதனை பற்றி. சாதாரணமாகக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தால் காரத்தன்மை, வன்மை, நைத்திரேற்று, மலக்கிருமி என்று பார்த்துத் தருவார்கள். பார உலோகம் அந்தப் பட்டியலில் தானாக வராது. கட்மியம், ஈயம், ஆசனிக் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, விலையும் கேட்டுக்கொண்டு கொடுங்கள். போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே வாங்குங்கள். உலோகத்துக்கான மாதிரியில் அமிலம் விட்டு வைப்பார்கள், இல்லாவிட்டால் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். வீட்டுச் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் காசுதான் வீண். ஒரு தரம் இப்போதும், மறுதரம் மாரி மழை இரண்டு மூன்று பெரும் பெயல் பெய்த பிறகும் எடுங்கள். கோடையில் மட்டும் எடுத்தால் மழையோடு இறங்குவது தெரியாமல் போய்விடும்.

அறிக்கை வந்ததும் கட்மியம் லீற்றருக்கு 0.003 மில்லிகிராம், ஈயமும் ஆசனிக்கும் 0.01 மில்லிகிராம் என்ற எல்லைகளோடு வைத்துப் பாருங்கள். கீழே இருந்தால் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் வேண்டும். மேலே இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறிவிட்டு, அதே கிணற்றில் இன்னொரு தரமும் அயல் கிணறு ஒன்றிலும் எடுத்துப் பாருங்கள். அயல் கிணற்றிலும் அதே அளவு வந்தால் காரணம் வேலியடிக் குவியலாக இல்லாமல் முன்னொரு காலத்தில் யாரோ புதைத்த பற்றரியாகவும், உங்கள் கிணற்றில் மட்டும் வந்தால் கிணற்றுப் பம்பியின் பழைய இணைப்பாகவும் இருக்கலாம், விடுதிக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முதல் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.